வைரஸ் போன பிறகு

"அக்கா, வைரஸ் எல்லாம் போயிட்டுது. இனிப் பயப்பிடாமல் பாவியுங்கோ" என்று சொல்லித்தான் அந்தத் தம்பி கணினியைத் தந்தான். 2011ஆம் ஆண்டு மாசி மாதம் அது. கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாண ரவுணுக்கு ஓட்டோவில் கொண்டுபோய், ஐந்து நாள் கடையில் விட்டு, 1,500 ரூபா கொடுத்து, பழைய சேலையொன்றால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் அப்போது இருந்த ஒரேயொரு கணினி அதுதான். யாரோ வெளிநாட்டில் பாவித்துக் கழித்து, நன்கொடையாக வந்து சேர்ந்தது.

அறையில் வைத்து மின்சாரத்தைப் போட்டேன். திரை வந்தது. அதோடு ஒரு சிறிய சாம்பல் நிறப் பெட்டியும் வந்தது. ஏதோ ஒரு கோப்பைத் தேடுகிறேன், காணவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. சரி என்று அமத்தினேன், போய்விட்டது. பிறகு 'டீ' என்ற பகுதியை இரண்டு தரம் சொடுக்கினேன். வழமையாக உடனே திறக்கும். அன்று, இதை எந்த மென்பொருளால் திறப்பது என்று என்னிடமே கேட்டது. ஒருவாறு வேறு வழியாக உள்ளே போனால், "கடிதங்கள்" என்ற கோப்புறை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளைத் திரை.

அந்தக் கோப்புறையில் என்ன இருந்தது என்பதை எம் வாசகியருக்கு விளக்கத் தேவையில்லை. 2009இன் பின்னர் நாங்கள் எல்லோரும் எழுதிய கடிதங்கள்தான். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு, 2010 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் அமர்வு வைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு, பிரதேச செயலாளருக்கு என்று ஒவ்வொரு தாயும் மனைவியும் ஐந்தாறு இடங்களுக்கு எழுதியிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, திருமணப் பதிவு எல்லாம் ஸ்கான் செய்து வைத்திருந்தோம். இடப்பெயர்வில் எஞ்சிய ஒற்றைத் துண்டுகள் அவை. முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் என்று கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். கொப்பி இருந்தது. கடிதங்களைத்தான் காணவில்லை.

அவற்றோடு ஒரு படமும் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அம்மாவின் மகனின் படம். பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டுடன், வலப்பக்கம் கொஞ்சம் கறுத்துப்போன பாஸ்போட் அளவுப் படம். மூலப்பிரதியை ஒரு விண்ணப்பத்தோடு ஒட்டிக் கொடுத்துவிட்டார். அது திரும்பி வரவில்லை. எந்த அலுவலகம் என்று எழுதி என்ன பயன்? கொடுப்பதற்கு முதல் நாள் நான் ஸ்கான் செய்து வைத்தேன் என்பதே அவருக்கிருந்த ஒரே ஆறுதல்.

அடுத்த நாளே கடைக்குத் திரும்பப் போனேன். "இது சரிவராது அக்கா. போர்மற் அடிச்சாத்தான் சரி" என்றான் தம்பி.

"அப்ப உள்ளுக்கை இருக்கிறதுகள்?"

"அது போயிடும். ஏற்கனவே வைரஸ் திண்டிட்டுதே."

எப்படித் தின்றது, எங்கே தின்றது என்று கேட்டேன். "உங்களுக்குச் சொன்னாலும் விளங்காது" என்றான். கெட்ட பிள்ளை இல்லை. அவனுக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பெட்டிகள் வரிசையில் கிடந்தன. ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள் எதையோ கிளப்பிவிட்டது. விளங்காது என்று சொல்லிச் சொல்லியே எங்களிடம் எத்தனை படிவங்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "வேண்டாம் தம்பி, நான் கொண்டு போறன்" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்றைய விண்டோஸ் எக்ஸ்பி இன்று வழக்கில் இல்லை. 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு மைக்ரோசொவ்ற் நிறுவனம் அதற்கான பாதுகாப்பு உதவியை நிறுத்திவிட்டது. ஆனால் அன்று எனக்கு விளங்கிய அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. வைரஸை அகற்றுவது ஒரு வேலை. அது குழப்பிவிட்டுப் போனதைச் சீர்செய்வது இன்னொரு வேலை. முதல் வேலையைத்தான் வைரஸ் தடுப்பு மென்பொருள் செய்கிறது. இரண்டாவதைப் பெரும்பாலும் செய்வதில்லை. மீள்குடியேறப் போனவர்களுக்கு இது தெரிந்த விடயம். வீட்டில் இருந்தவர்கள் போய்விட்டார்கள் என்று கடிதம் வரும். போய்ப் பார்த்தால் கதவு நிலை இல்லை, கிணறு தூர்ந்து கிடக்கும், வளவுக்குள் பங்கர் இருக்கும்.

பாரமான வெறும் பெட்டி

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் செய்த முதல் வேலை மிகச் சாதாரணமானது. 'டீ' பகுதியின் மேல் வலது பொத்தானை அமத்தி, அதன் விபரத்தைக் காட்டச் சொன்னாள். உள்ளே கோப்புகள் எதுவும் தெரியவில்லை, ஆனால் 11 ஜிகாபைற் இடம் பிடிபட்டிருந்தது. "அக்கா, வெறும் றங்குப் பெட்டி இவ்வளவு பாரமாயிருக்குமோ? சாமான் உள்ளுக்கைதான் கிடக்கு" என்றாள்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எங்களுக்கு வந்தது பென்ரைவால் வந்த வைரஸ். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணம் முழுவதும் இதே கதைதான். இன்ரநெற் உள்ள வீடு குறைவு. கொமினிக்கேசன், ரியூற்றரி, கச்சேரி, பள்ளிக்கூடம் என்று எல்லா இடமும் பென்ரைவ்தான் சுற்றியது. அதைச் செருகியவுடன் உள்ளே இருப்பதைத் தானாக இயக்கும் வசதியொன்று விண்டோஸில் இருந்தது. அதற்கு ஓட்டோரன் என்று பெயர். வைரஸ் எழுதியவர்கள் அந்த வசதியைத்தான் வாகனமாகப் பிடித்தார்கள். 2011 பெப்ரவரியில் மைக்ரோசொவ்ற், பென்ரைவுகளுக்கு அந்த வசதியை நிறுத்தும் திருத்தத்தை எக்ஸ்பி கணினிகளுக்கு இன்ரநெற் வழியாக அனுப்பத் தொடங்கியது. அதாவது எங்கள் பெட்டி கடையில் கிடந்த அதே மாதம். எங்களிடம் இன்ரநெற் இல்லை. ஆகையால் மருந்து எங்கள் வாசலுக்கு வரவில்லை.

இந்த வகை வைரஸ் கோப்புகளைத் தின்பதில்லை. ஒளிக்கிறது. ஒவ்வொரு கோப்புறைக்கும் "மறைவானது", "இயங்குதளத்துக்குரியது" என்று இரண்டு அடையாளம் குத்திவிடும். விண்டோஸ் அப்படிப்பட்டவற்றைச் சாதாரணப் பாவனையாளருக்குக் காட்டாது. பிறகு அதே பெயரில் ஒரு போலிக் குறுக்குவழியை அந்த இடத்தில் வைத்துவிடும். நாங்கள் "கடிதங்கள்" என்று நினைத்துச் சொடுக்கும்போது முதலில் வைரஸ் ஓடும், பிறகு உண்மையான கோப்புறை திறக்கும். ஒன்றும் நடக்காதது போல இருக்கும். கடைக்காரத் தம்பி வைரஸ் தடுப்பு மென்பொருளை ஓடவிட்டபோது, அது வைரஸையும் போலிக் குறுக்குவழிகளையும் அழித்தது. சரியான வேலைதான். ஆனால் உண்மையான கோப்புறைகள் மேல் குத்தப்பட்ட அடையாளத்தை அது தொடவில்லை. போலி போனது, அசல் ஒளிந்தபடி இருந்தது. மனிதக் கண்ணுக்கு எல்லாமே போய்விட்டது போலத் தோன்றியது. இந்த இடத்தில்தான் ஆயிரம் பேர் "போர்மற் அடி" என்று சொல்லித் தங்கள் கோப்புகளைத் தாங்களே அழித்தார்கள்.

உடனே திருத்துவம் என்று நான் அவசரப்பட்டேன். பிள்ளை விடவில்லை. "முதல் கொப்பி, பிறகுதான் வைத்தியம்" என்றாள். பையிலிருந்து ஒரு சீடி எடுத்தாள். உபுண்டு என்ற இலவச இயங்குதளம் அது. தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வேர்த் 2004இல் தொடங்கியது. உலகத்தில் எவர் கேட்டாலும் தபாற்செலவுகூட வாங்காமல் சீடியை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2011 சித்திரையோடு அந்தத் தபால் சேவை நின்றுவிட்டது. இவளுக்கு அதற்கு முன்னரே வந்திருந்தது. சீடியைப் போட்டுக் கணினியைத் தொடக்கினால், விண்டோஸ் எழும்பாமலே உபுண்டு வரும். விண்டோஸ் எழும்பாவிட்டால் அதற்குள் இருக்கும் வைரஸும் எழும்பாது. இன்னொன்று, விண்டோஸ் மறைவானது என்று ஒளிக்கும் கோப்புகளை உபுண்டு ஒளிப்பதில்லை.

திரை வந்தது. 'டீ' பகுதியைத் திறந்தாள். "கடிதங்கள்" இருந்தது. "படங்கள்" இருந்தது. ஒழுங்கையின் அந்த அம்மா அப்போது எங்களோடு கதிரையில் இருந்தார். காலையிலிருந்தே இருந்தார், சாப்பிடவும் போகவில்லை. படத்தைத் திறந்ததும் அவர் எதுவும் சொல்லவில்லை. எழும்பி வந்து திரையில் மகனின் தலைமயிர் இருந்த இடத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். திரையில் தூசி இருந்தது உண்மைதான்.

அன்று மாலை மின்சாரம் நிற்பதற்குள் எல்லாவற்றையும் இரண்டு புதிய சீடிகளிலும் ஒரு பென்ரைவிலும் பதிந்தோம்.

நிர்வாகி யார்?

அதன் பிறகு விண்டோஸுக்குள் போய், எஞ்சிய பிழைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தோம். ஒளிந்த கோப்புறைகளை மீட்பது எல்லாவற்றிலும் இலகுவாக இருந்தது. கட்டளை எழுதும் கறுப்புத் திரையில் "அட்ரிப்" என்ற சொல்லை எழுதி, கழித்தல் குறியோடு எச், எஸ், ஆர் என்ற எழுத்துகளை இடைவெளி விட்டுக் கொடுத்து, பகுதியின் பெயரை எழுதி, கடைசியில் சாய்கோட்டுடன் எஸ், டீ என்று முடித்தாள். எச் மறைவு, எஸ் இயங்குதளம், ஆர் வாசிக்க மட்டும். கழித்தல் என்றால் அந்த அடையாளத்தை எடு என்று பொருள். உட்கோப்புறைகளுக்கும் சேர்த்துச் செய் என்பதற்குத்தான் அந்தக் கடைசி இரண்டு எழுத்துகள். ஒரு நிமிடம் எடுத்தது. 1,500 ரூபாயும் ஐந்து நாளும் நினைவுக்கு வந்தன.

'டீ' பகுதி சொடுக்கினால் திறக்காததற்குக் காரணம் வேறு. அந்தப் பகுதியின் வாசலில் வைரஸ் ஓர் ஓட்டோரன் கோப்பை வைத்திருந்தது. என்னைத் திறந்தால் இன்ன நிரலை ஓட்டு என்று அதில் எழுதியிருக்கும். நிரலை வைரஸ் தடுப்பு மென்பொருள் அழித்துவிட்டது, சீட்டு மட்டும் கிடந்தது. விண்டோஸ் சீட்டைப் பார்த்து நிரலைத் தேடியது, காணாமல் எங்களைக் கேட்டது. சீட்டை அழித்துக் கணினியை மறுபடி தொடக்கியதும் சரியாகிவிட்டது.

பணிகளைக் காட்டும் ராஸ்க் மனேஜரைத் திறக்கப் போனால், "உங்கள் நிர்வாகி இதை முடக்கியிருக்கிறார்" என்று வந்தது. நான் சிரித்துவிட்டேன். நிர்வாகி யார்? சங்கத்துச் செயலாளரும் நான், பொருளாளரும் நான், கூட்டிக் கழுவுவதும் நான். வைரஸ்தான் நிர்வாகி போல நின்று கதவைப் பூட்டியிருக்கிறது. தன்னை யாரும் நிறுத்தக்கூடாது என்பதற்காகப் பல வைரஸ்கள் இதைச் செய்யும். 2005இல் இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்ட புரொன்ரொக் என்ற வைரஸ், மறைவான கோப்புகளைக் காட்டும் தெரிவுப் பட்டியலையே இல்லாமல் செய்துவிடும். வைரஸ் போன பிறகும் அந்தப் பூட்டுகள் அப்படியே கிடக்கும்.

பூட்டுகள் கிடக்கும் இடம் றெஜிஸ்ரி எனப்படும் பதிவேடு. விண்டோஸின் எல்லா அமைப்புகளும் எழுதப்பட்டிருக்கும் பெரிய கணக்குக் கொப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கைவைக்க முதல் அதையும் ஒரு பிரதி எடுத்து வைத்தாள். ராஸ்க் மனேஜரை முடக்கும் வரியை அழித்தோம், திறந்தது. மறைவான கோப்புகளைக் காட்டு என்று தெரிவு செய்தால் உடனே பழையபடி மாறிவிடுகிறதே, அதற்கும் ஒரு வரியில் ஒன்று என்று இருக்கவேண்டிய இடத்தில் பூச்சியம் இருந்தது. திருத்தினோம்.

கடைசியாக எஞ்சியது அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. கணினி தொடங்கும்போது எவையெவை ஓடவேண்டும் என்ற பட்டியலை விண்டோஸிலேயே பார்க்கலாம். கடைக்காரத் தம்பியும் பார்த்திருப்பான். அதில் ஒன்றும் இல்லை. ஏனென்றால் வைரஸ் வேறோர் இடத்தில் எழுதியிருந்தது. நாங்கள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போகும் நேரத்தில் யூசர்இனிற் என்ற நிரல் ஓடவேண்டும் என்று பதிவேட்டில் ஒரு வரி இருக்கும். அந்த நிரலின் பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. அந்தக் காற்புள்ளிக்குப் பின்னால் வைரஸ் தன் பெயரை ஒட்டவைத்திருந்தது. பட்டியலில் தேடினால் இது அகப்படாது.

கண்டுபிடித்த சந்தோசத்தில் நான் முழு வரியையும் அழிக்கப் போனேன். பிள்ளை கையைப் பிடித்துவிட்டாள். "அதை அழிச்சால் உள்ளுக்கை போகேலாது அக்கா. கடவுச்சொல்லைக் குடுத்த உடனை வெளியிலை தள்ளிவிடும்." உண்மையான நிரலையும் காற்புள்ளியையும் விட்டு, பின்னால் ஒட்டியிருந்ததை மட்டும் வெட்டினோம். மறுபடி தொடக்கினோம். பெட்டி வரவில்லை. மீண்டும் ஒருமுறை தொடக்கிப் பார்த்தேன், நம்பிக்கையில்லாமல்.

இன்னொரு சங்கத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். அவர்கள் கோப்புகளை வேறாகப் பதிந்த பிறகுதான் போர்மற் அடித்தார்கள், அந்தளவுக்குக் கவனம். ஆனால் திரும்பக் கடிதங்களைத் திறந்தபோது எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக இருந்தது. வைரஸ் கடிதங்களுக்குள்ளும் போய்விட்டது என்று ஒரு சகோதரி அழுதுகொண்டு என்னிடம் வந்தார். பார்த்தேன். "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று முதல் வரியிலேயே இருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டெழுதியவர்களுக்கு இது கண்ணை மூடியும் தெரியும், அது "அம்மா". போர்மற் அடித்தபோது பாமினி போய்விட்டது, அவ்வளவுதான். எழுத்துருவைத் திரும்ப நிறுவியதும் எல்லாக் கடிதமும் தமிழ் பேசியது. யாழ்ப்பாணத்தில் யூனிகோட் முறை பரவுவதற்கு முன்னர் தட்டெழுதிய கடிதங்கள் பலரிடம் இன்னும் பாமினியில்தான் இருக்கின்றன. பழைய சீடியைத் திறந்து குப்பை என்று எறிந்துவிடாதீர்கள், சகோதரிகளே.

பெரிய இடத்திலும் இதே கதை

நாங்கள் படிக்காதவர்கள், எங்கள் பெட்டி பழையது, அதனால்தான் இந்தத் தொல்லை என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை.

2008 நவம்பரில் கொன்பிக்கர் என்ற வைரஸ் உலகமெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொவ்ற் அதற்கு முந்திய மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் அகப்பட்டார்கள். பிரான்சின் கடற்படையும் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் மாநகர சபையும்கூட அதில் அடக்கம். விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பிக்கும் சேவையை அது நிறுத்திவிடும். வைரஸை எடுத்த பிறகு அந்தச் சேவைகளைக் கையால் திரும்பத் தொடக்கவேண்டும் என்று மைக்ரோசொவ்றே அறிவுறுத்தியது. செய்யாதவர்களின் கணினி பார்வைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் அடுத்த நோய்க்கு மருந்து வாங்காது.

இதைவிட விசித்திரமானது டீஎன்எஸ் சேஞ்சர். ஓர் இணையத்தளத்தின் பெயரை நாங்கள் எழுதினால், அதற்குரிய இலக்கத்தைத் தேடித் தருவதற்குத் தனிக் கணினிகள் இருக்கின்றன. தொலைபேசி விபரக்கொத்து மாதிரி. எஸ்தோனியாவைச் சேர்ந்த ஒரு கூட்டம், வைரஸ் மூலம் மக்களின் கணினிகளில் அந்த விபரக்கொத்தின் முகவரியையே மாற்றித் தங்கள் கணினிகளைக் காட்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 இலட்சம் கணினிகள். 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையும் எஸ்தோனியப் பொலிசாரும் அவர்களைப் பிடித்தார்கள். பிடித்தவர்களுக்கு ஒரு புதுச் சிக்கல். கள்ளரின் கணினிகளை நிறுத்தினால், பாதிக்கப்பட்ட இலட்சக்கணக்கானோரின் இன்ரநெற்றும் அந்த நிமிடமே நின்றுவிடும். ஆகவே நீதிமன்ற அனுமதியோடு, கள்ளரின் கணினிகள் இருந்த இடத்தில் நல்ல கணினிகளை வைத்து மாதக்கணக்கில் நடத்தினார்கள். 2012 மார்ச்சில் நிறுத்துவதாக இருந்தது, யூலை 9 வரை நீடித்தார்கள். அந்தக் கடைசி நாளிலும் உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகள் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருந்தன. அவர்களுள் வைரஸைத் துடைத்தும், மாறிய முகவரியைத் திருத்தாமல் விட்டவர்களும் இருந்தார்கள். சில வீடுகளில் கணினியில் அல்ல, இன்ரநெற் தரும் றவுட்டர் பெட்டியிலேயே முகவரி மாறியிருந்தது. கணினியை எத்தனை தரம் போர்மற் அடித்தாலும் அது திருந்தாது.

எல்லாம் திரும்பி வரும் என்று சொல்ல நான் வரவில்லை. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட "ஐ லவ் யூ" வைரஸ், ஒரே கணினியில் இரண்டு விதமாக நடந்துகொண்டது. எம்பீ3 பாட்டுகளை ஒளித்து வைத்தது. படங்களின் மேல் தன்னையே எழுதிவிட்டது. வைரஸை எடுத்த பிறகு பாட்டுகள் திரும்பின, படங்கள் திரும்பவில்லை. அம்மாவின் மகனின் படத்தை ஒளித்த வைரஸ் பாட்டை ஒளிக்கும் சாதியாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வேறொன்றும் இல்லை.

இன்றைய வைரஸ்களில் கொடியது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. நம் ஊர்களில் களவாக இறக்கிய மென்பொருள்களோடு அது வந்து சேர்கிறது. வைரஸை அகற்றினாலும் பூட்டு அகலாது. அப்போதும் போர்மற் அடிக்க அவசரப்பட வேண்டாம். பூட்டிய கோப்புகளை அப்படியே ஒரு தட்டில் பதிந்து வையுங்கள். நெதர்லாந்துப் பொலிசும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 யூலையில் தொடங்கிய "நோ மோர் றான்சம்" என்ற தளத்தில், சில வகைப் பூட்டுகளுக்கான சாவிகளை இலவசமாகத் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை. இன்று இல்லாத சாவி இரண்டு வருடம் கழித்து வந்ததும் உண்டு.

எங்கள் நாட்டு அரசாங்கத்துக்கே இது நடந்தது. 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல்களை வைத்திருந்த மேகக்கணினி அமைப்பு இந்த வகைத் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள். அமைப்பைத் திரும்ப இயக்கினார்கள். ஆனால் அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பிரதி எடுக்கப்படவில்லை. அவை போனது போனதுதான். செய்தியைப் பார்த்தபோது எனக்கு எங்கள் பிள்ளையின் சொல்தான் நினைவுக்கு வந்தது, முதல் கொப்பி.

இப்போது எம் பெண்கள் பலருக்குக் கணினி கைத்தொலைபேசிதான். வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ இணைப்பை அமத்தி, தெரியாத செயலியொன்று உள்ளே வந்துவிட்டது என்று வருகிறார்கள். செயலியை அழித்துவிட்டோம், இனிப் பிரச்சினை இல்லையே என்று கேட்கிறார்கள். அதே பழைய கேள்வி. நான் செற்றிங்ஸில் சாதன நிர்வாகிகள், அணுகல்தன்மை என்ற இரண்டு இடத்தையும் பார்க்கச் சொல்கிறேன். அந்தச் செயலிக்குத் தோழனாக இன்னொன்று அங்கே நிற்கலாம். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்பதைத் திறந்தால், உங்கள் உரையாடலை வேறு எந்தக் கணினி பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். தெரியாதது இருந்தால் வெளியேற்றுங்கள். கடவுச்சொற்களை மாற்றுங்கள், அதையும் அந்தத் தொலைபேசியில் அல்ல, சுகமாயிருக்கும் வேறொன்றில் செய்யுங்கள். வங்கிக் கணக்கு அதில் இருந்தால் வங்கிக்கு அன்றே அறிவியுங்கள். மகனோ மருமகனோ பார்த்துக்கொள்வார் என்று விடுகிறவர்கள் பலர். பார்க்கட்டும், நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள். என்ன செய்கிறாய் என்று கேளுங்கள்.

எங்கள் சங்கத்துக் கணினி அதற்குப் பிறகு நாலு வருடம் உழைத்தது. ஒரு மாரிகாலத்தில் மின்னல் அடித்து, எவராலும் திருத்த முடியாமல் போயிற்று. கடிதங்கள் வேறு மூன்று இடங்களில் இருந்தபடியால் நான் அன்று நித்திரை கொண்டேன்.

2019இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் திறக்கப்பட்டபோது, அங்கே பதிவதா மறுப்பதா என்று தாய்மாரிடையே இரண்டு கருத்து இருந்தது. ஒழுங்கையின் அம்மா பல நாள் யோசித்தார். என்ன முடிவெடுத்தார் என்பது அவரது விடயம். ஆனால் ஒரு நாள் பின்னேரம் எங்கள் புதிய அறைக்கு வந்தார். சீலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, நாங்கள் 2011இல் பதிந்து கொடுத்த அதே பென்ரைவை எடுத்தார். சின்னப் பொலித்தீன் பைக்குள் போட்டு, நூலால் கட்டியிருந்தார்.

"பிள்ளை, இதுக்குள்ளை இன்னும் கிடக்கோ எண்டு ஒருக்காப் பார்."

செருகினேன். முதலில் வைரஸ் சோதனை ஓடியது, அவர் பொறுமையாக இருந்தார். பிறகு திறந்தேன். கிடந்தது. புதிய பென்ரைவொன்றில் இன்னொரு பிரதி பதிந்து, படத்தைப் பெரிதாக இரண்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை என்னிடமே நீட்டினார். "இது உன்னட்டை இருக்கட்டும்" என்றார்.